பிசெனில் பார்த்ததை ஏரிமண்ணில் செய்ய முடியுமா?

விழுப்புரத்துக்கு அருகே மூன்று தலைமுறையாகப் பானையும் சட்டியும் அகலும் செய்துவரும் குடும்பத்தைச் சேர்ந்த நீங்கள், ஜப்பானில் மூன்று வாரம் தங்கி, பிசெனிலும் மஷிகோவிலும் உள்ள பட்டறைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறீர்கள். வைக்கோல் சுற்றிச் சுட்ட பாத்திரங்களில் விழும் சிவப்புக் கோடுகள், விறகுச் சாம்பல் பறந்து படிந்து உருகி வழிந்த ஜாடித் தோள்கள், உமிச்சாம்பலில் செய்த பால்வெள்ளைக் கிளேஸ் (சூட்டில் உருகிக் கண்ணாடியாகும் மேற்பூச்சு) ஆகிய மூன்றும் மனத்தை விட்டு அகலவில்லை என்றும், அவற்றை உங்கள் பட்டறைக்குக் கொண்டுவர எதிலிருந்து தொடங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். புதுச்சேரிப் பக்கத்தில் முப்பது ஆண்டுகளாக உயர்சூட்டுப் பாண்டங்கள் செய்துவருபவன் நான். இதே கேள்வியோடு இரண்டு முறை ஜப்பான் போய்த் திரும்பியவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

குறிப்பேடு நிறைய எழுதி வந்திருப்பதாகச் சொல்கிறீர்கள். அதன் ஒவ்வொரு பக்கத்திலும் இன்னொரு பத்தியை இப்போதே, நினைவு மங்குவதற்கு முன், சேர்த்துவிடுங்கள். அங்கே அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை எழுதியிருப்பீர்கள். எந்தக் குறையைச் சமாளிக்க அப்படிச் செய்தார்கள் என்பதைப் பெரும்பாலும் எழுதியிருக்கமாட்டீர்கள். நானும் முதல் பயணத்தில் எழுதவில்லை. ஓர் ஊரின் உத்தி என்பது அந்த ஊர் மண்ணும் விறகும் மழையும் சந்தையும் சேர்ந்து கேட்ட கேள்விக்கு அவ்வூர்க் கைகள் சொன்ன விடை. அந்தக் கேள்வி தெரியாமல் விடையை மட்டும் எடுத்து வந்தால், நம் மண் கேட்கும் வேறொரு கேள்விக்கு அது பொருந்தாது.

பிசெனையே எடுத்துக்கொள்வோம். ஒகயாமா பகுதியில் இம்பே என்னும் சிற்றூரைச் சுற்றி வளர்ந்த தொழில் அது. ஜப்பானின் ஆறு பழஞ்சூளை ஊர்கள் என்று போற்றப்படுபவற்றுள் ஒன்று. அவர்கள் மண்ணை வயலுக்கு அடியிலிருந்து வெட்டியெடுக்கிறார்கள். அது மிக நுண்ணியது, இரும்பு மிகுந்தது, காயும்போதும் சுடும்போதும் நிறையச் சுருங்குவது, வேகமாகச் சூடேற்றினால் வெடிப்பது. அவ்வளவு சுருங்கும் மண்ணின்மேல் கிளேஸ் ஒட்டி நிற்பது கடினம் என்பதால்தான் அவர்கள் கிளேஸே பூசுவதில்லை. மண் பதறாமல் வேக வேண்டும் என்பதால்தான் செம்பைன் விறகைக்கொண்டு பத்து முதல் பதினான்கு நாள் வரை மெல்ல மெல்ல எரித்து 1,200 டிகிரி செல்சியசுக்கு மேல் கொண்டுபோகிறார்கள். அத்தனை நாள் எரியும்போது பறக்கும் சாம்பல் பாத்திரத்தின் தோளில் படிந்து, அதிலுள்ள சுண்ணமும் பொட்டாசியமும் மண்ணின் சிலிக்காவோடு சேர்ந்து உருகிக் கண்ணாடியாகிறது. எள் தெளித்தது போலத் தெரிவதால் அதற்கு எள் என்று பொருள்படும் 'கோமா' என்றே பெயர். நீங்கள் வியந்து பார்த்த அந்த அழகின் தொடக்கம், மண்ணின் பலவீனத்தை ஒளிக்காமல் ஏற்றுக்கொண்ட ஒரு தொழில்முறை.

வைக்கோல் கோடுகளின் கதையும் அப்படியே. ஒன்றுக்குள் ஒன்றாகவும் ஒன்றன்மேல் ஒன்றாகவும் அடுக்கிய பாத்திரங்கள் சூட்டில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க இடையில் வைத்த வைக்கோல்தான் அந்தக் கோட்டைப் போட்டது. வைக்கோலில் உள்ள பொட்டாசியம், அது தொட்ட இடத்தில் மட்டும் மண்ணின் மேற்பரப்பைச் சற்றே உருக்குகிறது. சூளை மெதுவாக ஆறும்போது மண்ணிலுள்ள இரும்பு அந்த உருகிய இடத்தில் ஹேமடைட் என்னும் செந்நிறப் படிகமாக வளர்கிறது. மற்ற இடம் வெளிறி நிற்கும். கோடு மட்டும் நெருப்பு நிறத்தில் நிற்கும். ஆகவே இந்த உத்திக்கு வேண்டியவை நான்கு: பொட்டாசியம் தரும் வைக்கோல், ஓரளவே இரும்புள்ள மண், 1,200 டிகிரி அளவிலான சூடு, அவசரமில்லாத ஆறுதல். இவற்றுள் முதலாவது நம் களத்துமேட்டில் கொட்டிக் கிடக்கிறது. சிக்கல் இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான்.

என் முதல் சோதனையைச் சொல்கிறேன். ஊர் திரும்பிய வேகத்தில், வழக்கமாகப் பானைக்காரர்களிடம் வாங்கும் ஏரி வண்டலில் பன்னிரண்டு கிண்ணங்கள் திரித்து, வைக்கோல் சுற்றி, என் சூளையில் மற்றவற்றோடு வைத்து 1,200-க்கு மேல் ஏற்றினேன். திறந்து பார்த்தபோது கிண்ணம் எதுவுமே இல்லை. வெல்லப்பாகு போல உருகி, கொப்புளம் விட்டு, அடுக்குப்பலகையோடு சேர்ந்து கறுத்த பாறையாகியிருந்தது. கீழ்த்தட்டில் இருந்த ஒரு வாடிக்கையாளரின் தட்டு வரிசையும் போயிற்று. ஏரி வண்டல் 700 முதல் 900 டிகிரிக்குள் வேகிற மண். அதில் இரும்பும் சுண்ணமும் காரங்களும் நிறைந்திருப்பதால் அந்தச் சூட்டிலேயே இறுகிவிடுகிறது, அதனால்தான் வைக்கோலும் வறட்டியும் சுள்ளியும் வைத்துத் திறந்த சூளையில் ஒரே இரவில் நம்மால் சுட முடிகிறது. அதே இரும்பும் காரமும்தான் 1,200-இல் அதை உருக்கிவிடுகின்றன. நம் மண் தாழ்ந்ததல்ல, வேறு வேலைக்குப் பிறந்தது. இந்த வேறுபாட்டை ஒரு சூளை இழந்து நான் அறிந்தேன். நீங்கள் அறிய ஒரு சிறு வில்லை போதும்.

எனவே எந்த மண்ணையும் பாத்திரமாக்குவதற்கு முன் வில்லையாக்குங்கள். விரல் தடிமனில் 12 சென்டிமீட்டர் நீளப் பட்டைகள் பத்து செய்து, ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொன்றிலும் சரியாக 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு கீறிவிடுங்கள். காய்ந்தபின் ஒரு முறையும் சுட்டபின் ஒரு முறையும் அந்த இடைவெளியை அளந்தால் சுருக்கம் நேராகத் தெரிந்துவிடும்: 8.9 என்று வந்தால் சுருக்கம் 11 விழுக்காடு. சுட்ட பட்டையை எடைபோட்டு, இரண்டு மணி நேரம் தண்ணீரில் கொதிக்கவைத்து, அதே நீரில் ஆறவிட்டு, மேல் ஈரத்தை மட்டும் துடைத்து மீண்டும் எடைபோடுங்கள். கூடிய எடையை உலர்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் நீர் உறிஞ்சும் அளவு கிடைக்கும். உங்கள் ஏரிமண் பத்து விழுக்காட்டுக்கு மேல் உறிஞ்சும். சோறு சாம்பார் வைத்துப் பல ஆண்டு புழங்கும் ஸ்டோன்வேர் (உயர்சூட்டில் கல்போல இறுகச் சுட்ட பாண்டம்) தட்டு மூன்றுக்குக் கீழே வர வேண்டும். ஒரு பட்டையை இரண்டு முனைகளில் மட்டும் தாங்கி, நடுவில் தாங்கலில்லாமல் சூளையில் வையுங்கள். அது எவ்வளவு தொய்கிறது என்பதைப் பார்த்தாலே அந்த மண்ணின் சூட்டு எல்லை புரிந்துவிடும். எளிய சோதனைதான், ஆனால் வேறெந்த ஒற்றைச் சோதனையும் இவ்வளவு சொல்வதில்லை என்பது என் அனுபவம்.

உயர்சூட்டு மண்ணுக்கு நீங்கள் தொலைதூரம் போக வேண்டியதில்லை. உங்கள் வாசலுக்குத் தெற்கே பண்ருட்டிக் களிமண்ணும் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலுள்ள அடுக்குகளில் கிடைக்கும் வெண்களிகளும் இருக்கின்றன. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே ஓர் அரசுக் கல்வி நிலையமும் உள்ளன. அந்தக் களிமண்களில் ஒன்றை முதன்மையாக வைத்து, மண்ணை உருகிப் பிணைக்கும் ஃபெல்ஸ்பார் என்னும் கற்பொடியும் மணலும் சிறிது சேர்த்து, நூற்றுக்கு ஐந்து, பத்து, பதினைந்து என உங்கள் ஏரி வண்டலைக் கலந்து பட்டைகள் செய்யுங்கள். வைக்கோல் கோட்டுக்கு வேண்டிய இரும்பை உங்கள் ஊர் மண்ணே கொடுக்கும். ஏதோ ஓர் அளவில் மண் உருகாமல் நின்று, கோடும் சிவந்து விழும். அந்த அளவு உங்களுக்கு மட்டுமே உரிய அளவாக இருக்கும், பிசென்காரர்களின் குறிப்பில் அது இல்லை.

பதினான்கு நாள் எரிக்கும் சூளை கட்டும் எண்ணம் இருந்தால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். வைக்கோல் கோட்டுக்குச் சாம்பல் பறக்கும் விறகுச் சூளை தேவையே இல்லை. சாம்பலும் தீயும் நேராகப் படாமல் மூடியிருக்கும் இடத்தில்தான் கோடு தெளிவாக விழுகிறது. கனமான மண்பெட்டி ஒன்றை மூடியோடு செய்து, அதற்குள் வைக்கோல் சுற்றிய கிண்ணங்களை வைத்து, புதுச்சேரி, ஆரோவில் பக்கத்தில் எரிவாயுச் சூளை வைத்திருப்பவர்களிடம் ஒரு தட்டு இடம் வாடகைக்குக் கேளுங்கள். வைக்கோலைக் கட்டுவதற்கு முன் ஈரத்துணியால் தடவிப் பதப்படுத்துங்கள், அல்லது உலக்கையால் இலேசாக இடித்துக்கொள்ளுங்கள்; விறைத்த வைக்கோல் பாத்திரத்தைத் தொடாமல் நின்றால் அங்கே கோடு விழாது. சூடு உச்சம் தொட்டபின் சூளையை உடனே திறந்துவிட வேண்டாம் என்று உரிமையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் சொந்தத் திறந்த சூளையிலேயே இதற்கு நெருங்கிய ஒன்றைச் செய்யவும் வழியுண்டு: உப்புநீரில் ஊறிக் காய்ந்த வைக்கோலைச் சுற்றி, மூடிய பானைக்குள் வைத்துச் சுட்டால் 900 டிகிரியிலும் மங்கலான செம்மையும் கருமையும் கலந்த தடங்கள் வரும். அது அலங்காரப் பொருளுக்கு மட்டும் உதவும், உணவுக்கு அல்ல. உப்புப் புகை கண்ணையும் மூச்சையும் தாக்கும் என்பதால் திறந்தவெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று செய்ய வேண்டும்.

உமிச்சாம்பல் கிளேஸ் பற்றி எழுதும்போது எனக்கு உற்சாகம் கூடிவிடுகிறது, ஏனென்றால் மூன்றில் அதுதான் நம் நாட்டுக்கு மிகவும் பொருந்துவது. உமிச்சாம்பலில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. நெல் விளையும் நாடெல்லாம் இந்தக் கிளேசுக்கு உரிய நாடுதான். மஷிகோவில் உமிச்சாம்பல், விறகுச் சாம்பல், ஃபெல்ஸ்பார் ஆகிய மூன்றையும் கலந்து அந்தப் பால்வெள்ளையைப் பெறுகிறார்கள். மூன்றையும் எடையில் சமமாக எடுத்துத் தொடங்கி, ஒவ்வொன்றையும் கூட்டிக் குறைத்து முக்கோண வடிவில் சோதனை வில்லைகளை அடுக்கி, 1,260 முதல் 1,280 டிகிரி அளவில் சுட்டுப் பாருங்கள். விறகுச் சாம்பலுக்குச் சவுக்கு மட்டும் எரிக்கும் ஓர் அடுப்பைத் தேர்ந்தெடுத்து, எப்போதும் அங்கிருந்தே வாங்குங்கள். பல மரங்கள் கலந்த சாம்பலும், உப்பும் எண்ணெயும் சிந்திய ஓட்டல் அடுப்புச் சாம்பலும் ஒவ்வொரு முறையும் வேறுவேறு கிளேஸைத் தரும். இந்த மாதம் விற்ற கிண்ணத்துக்கு அடுத்த மாதம் இணை செய்ய முடியாது. அரிசி ஆலைக் கொதிகலனிலிருந்து வரும் உமிச்சாம்பல் பெரும்பாலும் கரி கலந்து கறுப்பாக இருக்கும். அதை ஒரு பானையில் போட்டு உங்கள் சூளையில் ஒருமுறை சுட்டால் கரி எரிந்து வெளிறிவிடும். விறகுச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து, மேல்நீரை இரண்டு மூன்று முறை வடித்துவிடுங்கள். அந்த நீர் தோலை அரிக்கும், கையுறை இல்லாமல் தொடக்கூடாது. உலர்ந்த உமிச்சாம்பல் தூசியை ஒருநாளும் மூச்சில் இழுக்காதீர்கள். சிலிக்காத் தூசி நுரையீரலில் தங்கினால் வெளியேறாது, அந்த நோய்க்கு மருந்தும் இல்லை. முகமூடி அணியுங்கள், பட்டறையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். உங்கள் தாத்தா பட்டறையில் இல்லாத ஆபத்து இது, நாம் வெளியிலிருந்து கொண்டுவரும் உத்தியோடு கூடவே வருவது என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கிளேஸ் ஏரிமண்ணின் 900 டிகிரியில் உருகாது. அந்தச் சூட்டிலேயே பளபளப்பு வேண்டும் என்று ஆசைப்பட்டு ஈயம் கலந்த பொடியைத் தேடிப் போனவர்களை எனக்குத் தெரியும். உணவு படும் பாத்திரத்தில் அதைச் செய்யவே கூடாது. புளியும் தயிரும் ஈயத்தைக் கரைத்து எடுத்துவிடும்.

இடம் மாற்றிய உத்தி முதல் முறையே நிலைப்பதில்லை என்பதற்கு, இத்துறையில் எல்லோரும் அறிந்த பெயர்களே சான்று. ஓவியராக ஜப்பான் சென்ற பெர்னார்ட் லீச், 1911-இல் டோக்கியோவில் ஒரு விருந்தில் தான் வண்ணம் தீட்டிய தட்டு அரைமணி நேரத்தில் சூளையிலிருந்து வெளிவருவதைப் பார்த்து மட்கலைக்குத் திரும்பியவர். 1920-இல் அவரும் ஜப்பானியக் குயவர் ஹமாடா ஷோஜியும் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் செயின்ட் ஐவ்ஸ் என்னும் மீன்பிடி ஊரில் பட்டறை தொடங்கி, ஜப்பானிய முறையில் மேடேறும் படிச்சூளை ஒன்றைக் கட்டினார்கள். அங்கே விறகும் அரிது, தக்க மண்ணும் அரிது. அந்தச் சூளை சில ஆண்டுகளில் சீர்குலைந்தது. கியோட்டோவுக்கு அருகே உஜியில் பல தலைமுறைக் குயவர் குடும்பத்தில் பிறந்து, சூளையின் அறிவியலையும் முறையாகக் கற்றிருந்த மட்சுபாயாஷி சுருனோசுகே வந்து, 1923-இல் மூன்று அறைச் சூளையாகப் புதிதாகக் கட்டிய பின்னரே அது நிலைத்தது. ஐம்பது ஆண்டுகள் போல அது எரிந்தது. லீச், ஹமாடா இருவரும் மட்கலையில் தேர்ந்தவர்கள், ஜப்பானியச் சூளைகளைக் கண்ணால் பார்த்தவர்கள், அவர்களுள் ஹமாடா சூளை அறிவியலையே படித்தவர் என்பதை நினைத்துப் பாருங்கள். பார்த்து அறிவது ஒன்று, புதிய ஊரின் செங்கல்லையும் காற்றையும் கணக்கில் எடுத்துக் கட்டுவது இன்னொன்று.

அதே ஹமாடா திரும்பிப் போனபின் செய்ததுதான் உங்களுக்கு அதிகம் உதவும் என்று நினைக்கிறேன். இங்கிலாந்தில் நாட்டுப்புறக் குயவர்கள் நீர்த்த களிமண் குழம்பால் செய்யும் அலங்காரத்தைப் பார்த்துத் தோய்ந்த அவர், நாடு திரும்பியதும் புகழ்பெற்ற பழைய ஊர்களை நாடாமல், 1853-இல் தொடங்கி, சமையலறை ஜாடிகளும் கெண்டிகளும் செய்துகொண்டிருந்த சாதாரண ஊரான மஷிகோவைத் தேர்ந்தெடுத்தார். அவ்வூர் மண் முரட்டுத்தனமானது. அதற்கு வெளியிலிருந்து நல்ல மண் கலந்து திருத்த அவர் முயலவில்லை. அங்கே கிடைத்த கல்லை அரைத்துச் செய்யும் செம்பழுப்புக் கிளேஸையும் அவ்வூர்ச் சாம்பலையும் வைத்தே வேலை செய்தார். இங்கிலாந்திலிருந்து அவர் எடுத்து வந்தது, கிராமத்தில் இருந்துகொண்டே, அந்த ஊர்ப் பொருளாலேயே ஒரு குயவர் முழு வாழ்க்கை நடத்த முடியும் என்ற உறுதிதான். அலங்கார முறைகள் அதற்குப் பின்னால் வந்தன. நீங்கள் மஷிகோவில் பார்த்த கிளேஸ்களுள் பல அந்த உறுதியின் விளைவு.

நம் பக்கத்திலும் இந்தப் பாதை ஏற்கெனவே நடக்கப்பட்டிருக்கிறது. 1919-இல் ஜப்பான் சென்று மட்கலை பயின்ற குர்சரண் சிங், பின்னாளில் 1952-இல் டெல்லியில் நீலப் பாண்டப் பட்டறையை நிறுவி இந்தியாவில் ஸ்டோன்வேர் ஸ்டுடியோ மரபுக்கு வழிவகுத்தார். ஜப்பானில் பயின்ற டெபோரா ஸ்மித், ரே மீக்கரோடு சேர்ந்து 1971-இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பட்டறையைத் தொடங்கினார். செம்பைன் இல்லாத இந்தக் கடற்கரையில் அவர்களுக்கு விறகானது சவுக்கு. அதுவும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எரிபொருளுக்காக இங்கே தோப்பு தோப்பாக நடப்பட்ட வந்தேறி மரம்தான். அங்கே வேலைக்குச் சேர்ந்த உள்ளூர் இளைஞர்களும் பயில வந்தவர்களும் பின்னர்த் தனித்தனியே பட்டறை தொடங்கியதால்தான் இன்று புதுச்சேரியைச் சுற்றி இத்தனை சூளைகள் எரிகின்றன. இரானில் நாதெர் கலீலி மண்வீடுகளை உள்ளிருந்து சுட்டு உறுதியாக்கிய முயற்சியை அறிந்து, அதே ரே மீக்கர் 1980-களின் நடுவில் இங்கே முழு வீடுகளையே சூளையாக்கிச் சுட்டார். வீட்டுக்குள் செங்கலையும் மட்பாண்டத்தையும் அடுக்கி எரித்தால் ஒரே விறகில் சரக்கும் வேகும், வீடும் வேகும் என்பது அதன் கணக்கு. அந்த வழி பரவலாகவில்லை என்றாலும், பிற நாட்டுக் கருத்தொன்றை நம் மண்ணின்மேல் எவ்வளவு முழுமையாகச் சோதிக்கலாம் என்பதற்கு அதைவிடத் துணிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஒகயாமாவில் உங்களுக்குப் புரியாமல் போன பலவற்றை, விழுப்புரத்திலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் தமிழிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதை நீங்கள் இன்னும் செய்யவில்லை என்று உங்கள் கேள்வியிலிருந்து ஊகிக்கிறேன். முதலில் அதைச் செய்யுங்கள்.

பெரிய மூன்று ஆசைகளைப் பற்றிக் கேட்டீர்கள். கேட்காத சிறிய சிலவற்றை நான் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பயணத்திலிருந்து எனக்கு நிலைத்த பயன் தந்தவை அவைதான். ஜப்பானியக் குயவர்கள் ஒரே அளவில் நூறு கிண்ணம் திரிக்கும்போது மூங்கில் குச்சியில் குறுக்கே ஒரு சிறு குச்சி செருகிய அளவுகோலைக் கிண்ணத்துக்குள் இறக்கிப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். தும்பியைப் போல இருப்பதால் அதற்குத் 'தோம்போ', அதாவது தட்டான்பூச்சி, என்று பெயர். ஆழத்தையும் வாயகலத்தையும் ஒரே நொடியில் அது காட்டிவிடும். இதற்குப் புது மண் வேண்டாம், புதுச் சூளை வேண்டாம். வீட்டுக் கொல்லை மூங்கிலில் கால்மணி நேரத்தில் செய்துகொள்ளலாம். கடைக்காரர் ஒரே அளவில் ஐநூறு தயிர்க் கலயம் கேட்டால், முன்பு கண்ணளவில் செய்து பத்தில் இரண்டு திருப்பி அனுப்பப்பட்ட நிலை மாறிவிடும். அதுபோலவே, கிண்ணத்தின் உள்ளடியை விரலால் நடுவை நோக்கி அழுத்தி இறுக்கும் பழக்கம். நம்மவர்கள் ஒரே பெரிய உருண்டையிலிருந்து வரிசையாக அகல் எடுப்பதில் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் அதே முறையில் பெரிய கிண்ணம் எடுக்கும்போது அடியில் வளைந்த விரிசல் விழுவதற்குக் காரணம், அந்த இடத்து மண் இறுக்கப்படாமல் இருப்பதுதான். இந்த அழுத்தம் ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டு வந்ததற்கே என் முதல் பயணச் செலவு ஈடானது.

அவர்கள் உலர்த்தும் முறையை மட்டும் அப்படியே பின்பற்றாதீர்கள். ஈரப்பதமான நிழலறையில் பலகைமேல் திறந்துவைக்கும் வழக்கம் நம் கத்திரி வெயிலில் செல்லாது. மேல்விளிம்பு முதலில் காய்ந்து, அடி ஈரமாக நின்று, தட்டுகள் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொள்ளும். நனைத்த சாக்கால் மூடி, மறுநாள் கவிழ்த்து, காற்று ஒரே பக்கமிருந்து வீசாதபடி பார்த்துக்கொள்ளும் உங்கள் வீட்டு வழக்கமே இங்கு மேல்.

கடைசியாக, உத்தியைச் சேர்ப்பதால் எதை இழக்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். நைஜீரியாவில் அன்று அபுஜா எனப்பட்ட, இன்றைய சுலேஜாவில், லீச்சிடம் பயின்ற மைக்கேல் கார்டியூ 1950-களின் தொடக்கத்தில் ஒரு பயிற்சிப் பட்டறை நிறுவினார். அங்கே 1954-இல் சேர்ந்த லாடி குவாலி, சக்கரமில்லாமல் கையாலேயே தண்ணீர்க் குடங்களைக் கட்டி, பல்லியும் மீனும் கீறி அழகுபடுத்தும் தம் ஊர் மரபில் தேர்ந்தவர். அவர் தம் கைமுறையை விடாமல், கிளேசையும் உயர்சூட்டையும் மட்டும் அதன்மேல் ஏற்றுக்கொண்டார். அந்தக் குடங்கள் உலகப் புகழ் பெற்றன. நைஜீரியாவின் 20 நைரா நோட்டில் இன்று அவர் உருவம் இருக்கிறது. ஆனால் கிளேஸ் பூசி உயர்சூட்டில் சுட்ட குடம் வியர்க்காது, வியர்க்காத குடத்தில் தண்ணீர் குளிராது. அழகிய கலைப்பொருளாக அது உயர்ந்தபோது, குடமாக இருந்த வேலையை விட்டுக்கொடுத்தது. உங்கள் பானை நுண்துளைகளால்தான் தண்ணீரைக் குளிர்விக்கிறது. உங்கள் சட்டி திறந்த மண்ணாக இருப்பதால்தான் அடுப்பின் நேர்ச்சூட்டைத் தாங்கி மீன்குழம்பைக் கொதிக்கவிடுகிறது. ஸ்டோன்வேர் சட்டியை விறகடுப்பில் ஏற்றினால் பிளந்துவிடும். ஆகவே பானை, சட்டி, அகல் ஆகியவற்றின்மேல் பிசெனையோ மஷிகோவையோ ஏற்றாதீர்கள். தட்டு, கிண்ணம், காப்பிக் குவளை, ஊறுகாய் ஜாடி என நீங்கள் இதுவரை செய்யாத பொருள்களுக்கு மட்டும் புதிய மண்ணையும் புதிய சூட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே கூரையின்கீழ் இருக்கலாம், ஒரே மண்குவியலில் இருக்கக்கூடாது. ஒரு பிடி ஏரிமண் தவறிப்போய் ஸ்டோன்வேரில் கலந்தாலும் அடுத்த சூளையில் அது தெரிந்துவிடும்.

பெயர் சொல்வதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள்: இவற்றை விற்கும்போது பிசென் என்று எழுதலாமா என்று. எழுதக்கூடாது. பிசென் ஓர் ஊர்; அதன் மண் இல்லாத பாத்திரம் பிசென் பாத்திரமாகாது. மானாமதுரை மட்பாண்டத்துக்கு நாம் புவிசார் குறியீடு பெற்றது எந்த நியாயத்தாலோ அதே நியாயம் அவர்களுக்கும் உண்டு. 'வைக்கோல் சுற்றிச் சுட்டது, பிசெனில் கற்ற முறை' என்று எழுதுங்கள். கைத்தொழில் அறிவு பயணப்படும்போது கற்பித்தவர் மறைந்துவிடுவது நம் கரையில் நடந்த கதை. 1742-இல் பாதிரியார் கேர்து, சோழமண்டலக் கரையில் துணிக்கு வண்ணமிடுவோர் கடுக்காயும் எருமைப்பாலும் படிகாரமும் சாயவேரும் கொண்டு செய்த வேலையைப் படிப்படியாகப் பிரான்சுக்கு எழுதி அனுப்பினார். அங்கே சாயவேர் இல்லை. படிகாரத்தால் நிறத்தைப் பற்றவைக்கும் தத்துவத்தைப் பிடித்துக்கொண்டு, அதே சிவப்பைத் தரும் தங்கள் மஞ்சிட்டி இனத்து வேரால் அதை ஐரோப்பியர் செய்தார்கள். தொழிலறிவைப் பெயர்த்தெடுக்கும் முறையில் அது மிகச் சரியான வழி, நான் இவ்வளவு நேரம் உங்களுக்குச் சொல்லிவருவதும் அதைத்தான். ஆனால் அந்த அறிவைத் தந்த கைகளின் பெயர் ஒன்றுகூட அந்தக் கடிதத்தின் வழி நமக்கு வந்து சேரவில்லை என்பது என்னை இன்றும் வருத்துகிறது. உங்களைப் பட்டறைக்குள் அனுமதித்து, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்ன அந்த இரண்டு ஊர்க் குயவர்களுக்கும் உங்கள் முதல் நல்ல கிண்ணத்தின் படத்தையும், அதில் கலந்த மண்ணின் அளவையும் எழுதி அனுப்புங்கள். அவர்களும் அதைப் படித்துச் சோதித்துப் பார்ப்பார்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, ஐப்பசி கார்த்திகையில் அகலும் மார்கழியில் பொங்கல் பானையும் உங்கள் ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி என்பதால் அந்த மாதங்களில் சூளையில் ஒரு சோதனை வில்லைகூட வைக்காதீர்கள். மாசியில் தொடங்குங்கள். வட்டாட்சியரிடம் அனுமதி பெற்று வண்டல் எடுக்கும் கோடையில், மேலடுக்கு, நடுவடுக்கு, அடியடுக்கு என்று மூன்று ஆழங்களிலிருந்து தனித்தனியே ஒவ்வொரு மூட்டை எடுத்து, எந்த ஏரி, எந்த மூலை, எத்தனை அடி என்று சாக்கிலேயே எழுதிவையுங்கள். பட்டைகள் பத்தும் காய்ந்ததும் எனக்கு எழுதுங்கள். என் சூளை ஆனியில் எரியும். அதில் ஒரு தட்டு இடம் உங்களுக்கு ஒதுக்கிவைக்கிறேன். மண்பெட்டியின் அடியில் மணல் தூவி, பட்டைகள் ஒன்றையொன்று தொடாதபடி அடுக்கி அனுப்புங்கள், உருகினாலும் பலகை பிழைக்கும்.